பெரம்பூரில் ஒரு பேரம்: பின்னி ஆலையும் சென்னைத் தொழிலாளர் சங்கமும், 1918–1921

1921 ஜனவரியில் சென்னையில் ஒரு பேரம் படிந்தது. பஞ்சாலை நடத்திய பின்னி கம்பெனி, சங்கத் தலைவர்கள்மேல் தான் போட்ட வழக்கை விலக்கிக்கொள்ளும். பதிலுக்கு, சங்கத் தலைவர் பி. பி. வாடியா தொழிலாளர் இயக்கத்தை விட்டே விலகிவிட வேண்டும். வாடியா விலகினார். போராட்டத்தில் முன்னால் நின்ற சில தொழிலாளர்களுக்கு ஆலைக் கதவு திறக்கவில்லை. மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வேலைக்குத் திரும்பினார்கள்.

‘இந்தியாவின் முதல் தொழிற்சங்கம்’ என்று மே தின மேடைகளில் பெருமையாகச் சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் வரலாற்றில் இந்தப் பேரம் ஒரே வரியில் கடந்துபோகும். ‘வழக்கு காரணமாக வாடியா விலகினார்’, அவ்வளவுதான். எனக்கோ விஷயமே அந்த வரியில்தான் இருப்பதாகப் படுகிறது. ஆயிரக்கணக்கானோர் கட்டிய சங்கத்தின் தலைமையை, ஒரு கம்பெனி வழக்குச் செலவோடு சேர்த்துக் கணக்குத் தீர்க்க முடிந்தது எப்படி? முதலாளியின் பலம் என்று நாம் சொல்வது எங்கே இருந்தது? சங்கத்தின் பலம் எங்கே கசிந்தது?

அரை மணி நேரச் சாப்பாடு

பக்கிங்காம் ஆலை 1876இல் தொடங்கியது, கர்நாடிக் ஆலை 1881இல். இரண்டையும் நடத்தியது பின்னி என்ற ஆங்கிலேய நிறுவனம். 1920இல் இரண்டும் ஒரே கம்பெனியாக இணைந்தன. ஊரில் பி அண்ட் சி மில் என்பார்கள், பின்னி மில் என்றும் சொல்வார்கள். பட்டாளம், புளியந்தோப்பு, ஓட்டேரி, பெரம்பூர் என்று வடசென்னையின் ஒரு பெரிய துண்டு அந்த ஆலைச் சங்கின் சத்தத்துக்குத்தான் எழுந்தது, படுத்தது. இரண்டு ஆலைகளிலும் சேர்த்துப் பத்தாயிரம் பேர் அளவுக்கு வேலை பார்த்தார்கள். பின்னியின் காக்கித் துணிக்குப் பெரிய வாடிக்கையாளர் பட்டாளமே, அதாவது ராணுவம். முதல் உலகப் போர் வந்தபோது ஆலைக்குக் கொண்டாட்டம்.

தொழிலாளிக்கு அது பஞ்ச காலம். அரிசி விலை ஏறியது. 1918 செப்டம்பரில் சென்னைக் கடைத்தெருக்களில் மக்கள் தானியக் கடைகளை உடைத்து அள்ளிக்கொண்டு போகும் அளவுக்கு ஏறியது. கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை. 1911ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டப்படி பஞ்சாலையில் வயது வந்த ஆணிடம் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி.

சங்கம் முதலில் கையில் எடுத்தவற்றில் ஒன்று இந்த அரை மணிதான். இன்றைக்குக் கேட்டால் சின்ன விஷயமாகத் தெரியலாம். தறியை விட்டு வெளியே வந்து, தலையிலும் புருவத்திலும் ஒட்டிய பஞ்சுத் துகளைத் தட்டி, கை கழுவ வரிசையில் நின்று, தூக்குச் சட்டியைத் திறந்து, நாலு வாய் அள்ளிப் போட்டு, மறுபடி சங்கு ஊதுவதற்குள் தறிக்கு முன்னால் நிற்க வேண்டும். தாமதமானால் மேஸ்திரியின் வாய்க்கும் அபராதத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். சங்கம் 40 நிமிடம் கேட்டது. அதாவது, கூடுதலாகப் பத்தே பத்து நிமிடம்.

கம்பெனிப் பக்கம் நின்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து நிமிடம், பத்தாயிரம் பேர். ஒரு நாளைக்கு ஒரு லட்சம் நிமிடம். 12 மணி நேர நாளால் வகுத்தால் கிட்டத்தட்ட 139 ஆட்களின் முழு நாள் உழைப்பு, தினமும். சாப்பாட்டு நேரத்தை ஏதோ இரக்கத்தால் கூட்டுவார்கள் அல்லது இரக்கமில்லாமல் குறைப்பார்கள் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. மேலாளர் நல்லவரா கெட்டவரா என்பது இரண்டாம்பட்சம். அவர் தங்கமானவராகவே இருந்தாலும் அந்த 139 ஆட்களை வருடம் முழுக்க விட்டுக்கொடுக்க வேண்டும் என்றால், யாராவது அவர் கையைப் பிடித்து முறுக்கினால்தான் நடக்கும்.

சங்கம் பிறந்ததைப் பற்றி வடசென்னையில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. மலம் கழிக்கப் போக அனுமதி கேட்ட ஒரு தொழிலாளியை மேலதிகாரி விடவில்லை, அவர் வேலை செய்யும் இடத்திலேயே அசிங்கப்பட வேண்டியதாயிற்று, அந்த அவமானம்தான் சங்கமாக மாறியது என்பார்கள். கதை எத்தனை வாய் மாறி வந்ததோ. ஆனால் என்னால் அதை நம்ப முடிகிறது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நான் ஒப்பந்த ஆளாகக் கொஞ்ச நாள் இருந்தேன். லைனை விட்டு நகர வேண்டுமென்றால் ரிலீவர், அதாவது மாற்றாள், வர வேண்டும். ஒரு ஷிப்டுக்கு இருபத்தைந்து பேருக்கு ஒரே ரிலீவர். கை தூக்கிவிட்டு நிற்போம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி. காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டோம். அடிப்பவர் யாரும் இல்லை, திட்டுபவர்கூட இல்லை. கன்வேயரின் வேகமே போதுமானதாக இருந்தது.

பஜனை சபையில் பிறந்த சங்கம்

செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு என்ற இரண்டு வியாபாரிகள் ஆலை வட்டாரத்தில் வெங்கடேச குணாமிர்தவர்ஷிணி சபை என்ற பஜனை சபையை நடத்தி வந்தார்கள். சபைக்கு வருபவர்களில் நிறையப் பேர் ஆலைத் தொழிலாளர்கள். பக்திச் சொற்பொழிவு முடிந்ததும் பேச்சு மெல்ல ஆலைக்குள் நடப்பதற்குப் போகும். அப்படித்தான் இந்த இருவருக்கும் சங்கம் என்ற எண்ணம் வந்தது. பெயர் தெரிந்த பெரிய மனிதர் ஒருவர் முன்னால் நின்றால்தான் கம்பெனி மதிக்கும் என்று, அன்னி பெசன்ட் நடத்திய ‘நியூ இந்தியா’ பத்திரிகை அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே கிடைத்தவர் பி. பி. வாடியா.

1918 ஏப்ரல் 27 அன்று சங்கம் உருவானது. வாடியா தலைவர். அப்போது ‘தேசபக்தன்’ நாளிதழின் ஆசிரியராக இருந்த திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். செல்வபதியும் ராமானுஜுலுவும் செயலாளர்கள். சந்தா, உறுப்பினர் பட்டியல், வாராந்திரக் கூட்டம் என்று ஒழுங்காக நடந்தது. அதுவரைக்கும் இந்திய ஆலைகளில் வேலைநிறுத்தம் நடக்காமல் இல்லை. ஆனால் வேலைநிறுத்தம் முடிந்த பிறகும் கலையாமல் நிற்கும் அமைப்பு இருந்ததில்லை.

வாடியா பம்பாய்ப் பார்ஸி, தியாசபிக்காரர், அதாவது பிரம்மஞான சபையைச் சேர்ந்தவர். சுயாட்சி கேட்ட ஹோம் ரூல் கிளர்ச்சிக்காக 1917இல் பெசன்டுடனும் அருண்டேலுடனும் ஊட்டியில் காவலில் வைக்கப்பட்டவர். கோழை என்று யாரும் சொல்ல முடியாது. தொழிலாளர் முன்னால் தமிழில் பேச முடியாதவர். அவர் ஆங்கிலத்தில் பேசுவார், பக்கத்தில் நிற்பவர் தமிழில் சொல்வார். அந்த மொழிபெயர்ப்பையும் மீறி அவர்மீது தொழிலாளர்களுக்கு இருந்த பாசம் பொய்யில்லை.

ஆனால் 1918 ஜூலையில் அவர் பேசிய ஒரு பேச்சைப் பிற்கால இடதுசாரிகள் விடாமல் சுட்டிக்காட்டுவார்கள். சரியாகத்தான் சுட்டிக்காட்டுகிறார்கள். வேலைநிறுத்தம் செய்யலாமா என்று கேட்டுத் துடித்த தொழிலாளர்களிடம் அவர் சொன்னதன் சாரம் இது: உங்கள் வேலைநிறுத்தத்தால் பின்னி கம்பெனியின் பணப்பைக்கு மட்டும் அடி விழும் என்றால் எனக்குக் கவலையில்லை, அவர்கள் ஏராளமாகச் சம்பாதிக்கிறார்கள், ஆனால் நேச நாடுகளின் போர் முயற்சிக்கல்லவா கேடு வரும், நம் சிப்பாய்களுக்கு உடுப்பு கிடைக்காமல் போகுமே.

கம்பெனிக்கு எப்போது சரக்கு மிக அவசரமோ அப்போதுதான் தொழிலாளியின் கைக்கு விலை அதிகம். போர்க்காலக் காக்கி ஆர்டர் கையில் இருக்கும்போது ஒரு வாரம் தறி நின்றால் அதன் அடி வேறு. ஆர்டர் இல்லாத மந்த காலத்தில் ஒரு மாதம் நின்றாலும் அந்த அடி விழாது. அந்த நேரத்தில் தலைவர் தொழிலாளியிடம் சாம்ராஜ்யத்தின் நன்மையைப் பற்றிப் பேசினார். கம்பெனியோ போர் முடியும்வரை அப்படி எந்தத் தியாகத்துக்கும் தயாராக இல்லை. 1918 முடிவதற்குள்ளேயே ஆலையைப் பூட்டித் தொழிலாளர்களை வெளியே நிறுத்தும் கதவடைப்பு செய்து பார்த்தது.

வாடியாவை இதற்காகத் துரோகி என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் தன் அரசியலுக்கு உண்மையாகத்தான் இருந்தார். போரில் பிரிட்டனுக்கு ஒத்துழைத்தால் சுயாட்சி கிடைக்கும் என்பது ஹோம் ரூல்காரர்களின் கணக்கு. சிக்கல் அவருடைய நேர்மையில் இல்லை. தொழிலாளியின் கணக்கும் தலைவரின் கணக்கும் வேறு வேறு பேரேடுகளில் இருந்தன, இரண்டும் மோதும்போது எந்தப் பேரேடு ஜெயிக்கும் என்பதைத் தலைவரே முடிவு செய்தார்.

நீதிமன்றத்தின் வழியாக வந்த அடி

1920 அக்டோபரில் நெசவுப் பகுதியில் கிளம்பிய ஒரு சச்சரவு வளர்ந்து கதவடைப்பில் வந்து நின்றது. வேலைநிறுத்தத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் கதவடைப்பைச் சரியாகக் கவனிப்பதில்லை. வேலைநிறுத்தம் செய்யத் தொழிலாளி பத்தாயிரம் பேரைத் திரட்ட வேண்டும், ஒவ்வொருவரின் வீட்டிலும் அடுப்பு எரியாததற்குப் பதில் சொல்ல வேண்டும். கதவடைப்புக்கு ஒரு பூட்டு போதும். இதை யாரும் வன்முறை என்று சொல்ல மாட்டார்கள். சொந்தக் கதவை அவர் பூட்டுகிறார், அவ்வளவுதானே!

டிசம்பர் 9 அன்று, வேலைக்குப் போகிற ஆட்களை ஏற்றிக்கொண்டு போலீஸ் காவலோடு வந்த வண்டியை மறித்த கூட்டத்தின்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. தொழிலாளர்கள் செத்தார்கள். அதற்கு முன்னரே கம்பெனி இன்னொரு ஆயுதத்தை எடுத்திருந்தது. தொழிலாளர்கள் எங்களோடு செய்துகொண்ட வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தூண்டிவிட்டார்கள், அதனால் எங்களுக்கு நஷ்டம் என்று வாடியா உள்ளிட்ட சங்கத் தலைவர்கள்மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு. கேட்ட நஷ்ட ஈடு 75,000 ரூபாய். நீதிமன்றம் இடைக்காலத் தடையாணையும் பிறப்பித்தது.

இந்த வழக்கின் வேடிக்கை என்னவென்றால், இதே வழக்கை இதே கம்பெனிக்காரர்கள் லண்டனில் போட்டிருக்க முடியாது. 1901இல் டாஃப் வேல் ரயில்வே வழக்கில் வேலைநிறுத்த நஷ்டத்துக்குச் சங்கமே பொறுப்பு என்று, அன்றைக்கு பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்து, ரயில்வே சங்கம் 23,000 பவுண்டு வரை கட்ட நேர்ந்தது. பிரிட்டிஷ் தொழிலாளர்கள் கொதித்தார்கள். தொழிலாளர் கட்சி வளர்ந்ததற்கே அந்தக் கொதிப்பு ஒரு முக்கியக் காரணம். 1906இல் தொழிற்தகராறுச் சட்டம் வந்து, இப்படி வழக்குப் போடும் வழியை அடைத்தது. அந்தச் சட்டம் கடல் தாண்டி இங்கே வரவில்லை. பழைய பொதுச் சட்டக் கோட்பாடு மட்டும் வந்தது. மான்செஸ்டரில் செல்லாத காசு பெரம்பூரில் செல்லுபடியானது.

சட்டம் நடுநிலையானது, யார் போனாலும் கதவு திறக்கும் என்று சொல்வார்கள். சரி, ஒத்துக்கொள்வோம். கூலி பத்தவில்லை, பிள்ளை பட்டினி கிடக்கிறது என்று எந்த நெசவாளியாவது பின்னிமேல் நஷ்ட ஈட்டு வழக்குப் போட்டிருக்க முடியுமா? பட்டினிக்கு எந்த ஒப்பந்தத்திலும் ஷரத்து இல்லை. ஒப்பந்தம் என்ற ஒன்று இருப்பதாகவே தொழிலாளிக்குத் தெரிந்தது அதை மீறியதாக வழக்கு வந்தபோதுதான்.

அப்புறம்தான் நான் முதலில் சொன்ன பேரம். வாடியா இயக்கத்தை விட்டுப் போனார். 1922இல் தியாசபிகல் சொசைட்டியையும் விட்டு அமெரிக்காவுக்குப் போய், வேறொரு தியாசபி அமைப்பில் சேர்ந்தார். மிச்ச வாழ்க்கை ஆன்மிகத்திலும் பண்பாட்டுப் பணியிலும் கழிந்தது. பின்னித் தொழிலாளிக்கு அப்படி வேறு வாழ்க்கை ஒன்று ஒதுக்குப்புறமாகக் காத்திருக்கவில்லை. தலைவர் வெளியே போகக் கதவு இருந்தது, அதனால்தான் அந்தக் கதவை விலையாகக் கேட்க முடிந்தது.

இதற்கு வழக்கமாக வரும் பதில், அன்றைக்குத் தொழிலாளர்களிடமிருந்தே தலைவர்கள் வந்திருக்க முடியாது, முன்னால் நின்றவனை மறுநாளே வெளியே தள்ளுவார்கள் என்பது. உண்மை. கம்பெனியால் வேலையை விட்டு நீக்க முடியாத ஒருவர் தலைவராக இருந்தது சங்கத்துக்குப் பெரிய கவசம். அதே கவசத்தைத்தான் கம்பெனி பின்னால் பிடுங்கிக்கொண்டது. வெளியாள் தலைமை கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தப் பேரத்தைச் செய்துகொள்ளலாமா வேண்டாமா என்ற கடைசிச் சொல் யாரிடம் இருந்தது என்று மட்டும் கேட்கிறேன்.

கருங்காலி என்ற சொல்

ஆறு மாதம்கூட ஆகவில்லை. 1921 கோடையில் கர்நாடிக் ஆலையில் கூலிப் பிரச்சினையில் தொடங்கி, ஜூனில் பக்கிங்காம் ஆலையும் சேர்ந்துகொள்ள, மறுபடி வேலைநிறுத்தம். இந்த முறை முன்னால் நின்றவர் திரு.வி.க.

இந்த முறை ஒரு பிளவும் வந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். வேலைநிறுத்தத்தை உடைப்பவனுக்குத் தமிழில் கருங்காலி என்று பெயர். கோடரிக் காம்பாகித் தன் இனத்தையே வெட்டுகிற மரம் என்ற உவமை. அருமையான சொல்தான், ஆனால் ஒரு கேள்வியை முழுங்கிவிடுகிற சொல். அந்த மரம் காட்டில் எங்கே நின்றது என்று யாரும் கேட்பதில்லை.

புளியந்தோப்புச் சேரிக் குடிசைக்காரனுக்கு ஊரில் நிலம் இல்லை, ஆலை மூடினால் போய் ஒண்டிக்கொள்ளக் கிராமத்து வீடு இல்லை. மளிகைக் கடையில் கணக்கு வைக்க மாட்டார்கள், வட்டிக்குக்கூடக் கடன் கிடைக்காது. முந்தைய போராட்டத்தின் பட்டினி இன்னும் ஆறவில்லை. சேர்ந்து நின்று தறி ஓட்டியவர்கள் சாப்பாட்டு நேரத்தில் சாதிவாரியாக உட்கார்ந்தார்கள். சங்கத்தின் கோரிக்கைகள் கூலி, நேரம், மரியாதை என்று இருந்தன. மரியாதை என்பது வெள்ளை அதிகாரி கறுப்புத் தொழிலாளிக்குத் தர வேண்டியதாக மட்டுமே புரிந்துகொள்ளப்பட்டது. பக்கத்துத் தறிக்காரன் தர வேண்டிய மரியாதையைப் பற்றிப் பேச்சில்லை. எம். சி. ராஜா போன்ற ஆதிதிராவிடத் தலைவர்கள், இது நம் சண்டையில்லை, வேலைக்குப் போங்கள் என்று சொன்னபோது அது எடுபட்டதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

ஜூன் மாதக் கடைசியிலிருந்து புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. அடிதடி, கல்வீச்சு, பழிக்குப் பழி. அரசு வியாசர்பாடியில் ஆதிதிராவிடர்களுக்கு முகாம் போட்டது. ஆகஸ்ட் 29 அன்று வேலைநிறுத்தக்காரர்கள்மீது மறுபடி துப்பாக்கிச் சூடு, மறுபடி சாவு. இது தொழில் தகராறே இல்லை, சாதிக் கலவரம் என்று அரசுத் தரப்பு சட்டமன்றத்தில் பேசியது. ஆலை மேலாளர்கள் அதைக் கேட்டு நிம்மதியாக மூச்சு விட்டிருப்பார்கள். கூலி என்ற சொல்லே விவாதத்திலிருந்து காணாமல் போய்விட்டதே.

ஆட்சியில் இருந்தது நீதிக்கட்சி. அதன் தலைவர் பிட்டி தியாகராயச் செட்டியார், அரசு ஆதிதிராவிடர்களுக்கு அதிகச் சலுகை காட்டியதுதான் கலவரத்துக்குக் காரணம் என்ற பக்கம் நின்றார். ராஜா கசந்துபோனார், 1923இல் கட்சியை விட்டே வெளியேறினார். புளியந்தோப்பின் சாம்பல் தமிழக அரசியலில் ரொம்ப தூரம் பறந்தது. அந்தக் கதை தனியாக எழுத வேண்டியது.

கம்பெனி சாதியை உண்டாக்கவில்லை. அது ஏற்கெனவே கிடந்தது, எடுத்துப் பயன்படுத்தியது, அவ்வளவுதான். ஆலைக்கு வெளியே இரண்டாயிரம் வருடமாக ஓடிக்கொண்டிருந்த ஓர் இயந்திரத்தை ஆலையின் பெல்ட்டோடு மாட்டிக்கொள்ள முதலாளிக்குச் செலவே இல்லை. ‘எல்லோரும் தொழிலாளி, இங்கே சாதி இல்லை’ என்று சங்கம் சொல்லிக்கொண்டிருந்தவரை அந்தப் பெல்ட்டைக் கழற்ற ஒரு கைகூட நீளவில்லை. ஒற்றுமை என்பதைச் சங்கம் கையிருப்பு என்று நினைத்துச் செலவு செய்தது. அதை முதலில் சம்பாதித்திருக்க வேண்டும்.

அக்டோபரில் நீதிக்கட்சியின் சி. நடேச முதலியார் நடுவில் நின்று பேச, வேலைநிறுத்தம் முடிந்தது. தோல்விதான். 1922இல் கம்பெனி ஆலைக்குள்ளேயே ஒரு நலக்குழுவை அமைத்தது. குறைகளை அங்கே சொல்லலாம், வெளியே சங்கம் எதற்கு? பின்னியின் பள்ளிக்கூடம், மருந்தகம், தொழிலாளர் குடியிருப்பு எல்லாம் பின்னால் வந்த அரசு ஆணையங்களால் மெச்சப்பட்டன. மெச்சத்தக்கவைதான், மறுக்கவில்லை. ஆனால் கம்பெனி வீட்டில் குடியிருப்பவன் வேலைநிறுத்தத்துக்குக் கை தூக்குமுன் கூரையை ஒரு தடவை அண்ணாந்து பார்ப்பான்.

தோல்வியிலிருந்து பிறந்த சட்டம்

வாடியா வழக்கு வேறு ஒரு பிள்ளையையும் பெற்றது. தொழிற்சங்கத் தலைவர்களை இப்படி வழக்கில் இழுக்கலாம் என்றால் நாட்டில் சங்கமே நடத்த முடியாது என்று, 1921 மார்ச்சில் தொழிற்சங்கத் தலைவர் என். எம். ஜோஷி மத்தியச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். ஐந்து வருட இழுபறிக்குப் பிறகு 1926இல் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது. அதன் 17ஆம் பிரிவு குற்றச்சதி வழக்கிலிருந்தும், 18ஆம் பிரிவு பின்னி போட்ட மாதிரியான சிவில் வழக்கிலிருந்தும் பாதுகாப்பு கொடுத்தன. பெரம்பூரில் செத்தவர்களின் பெயர் அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. இருந்திருக்கலாம்.

பாதுகாப்பு யாருக்கு என்று பார்த்தால், பதிவு செய்த சங்கத்துக்கு. பதிவேடு அரசிடம். கணக்கு காட்ட வேண்டியிருந்தது, விதிமுறை காட்ட வேண்டியிருந்தது, நிதியை எதற்குச் செலவழிக்கலாம் என்று சட்டம் சொன்னது. பதிவு செய்த சங்கத்தோடு முதலாளி உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும் என்று மட்டும் அந்தச் சட்டம் சொல்லவில்லை. சங்கத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடைத்தது, வீட்டுக்குள் நுழைய உரிமை கிடைக்கவில்லை.

இது பழங்கதை இல்லை. 2024இல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது நடுவில் நின்ற கோரிக்கை அதே பதிவுதான். ஜூலையில் கொடுத்த விண்ணப்பம், உயர் நீதிமன்றம்வரை போய், 2025 ஜனவரியில்தான் பதிவானது. சங்கத்தின் பெயரில் கம்பெனியின் பெயர் இருக்கக் கூடாது என்பது நிறுவனம் கிளப்பிய ஆட்சேபங்களில் ஒன்று. நடுவே ஒரு தொழிலாளர் குழுவோடு நிறுவனம் ஒப்பந்தம் போட, அமைச்சர்கள் கூட நின்றார்கள். 1922இன் நலக்குழுவை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சி எங்கேயோ பார்த்த மாதிரி இருந்திருக்கும்.

சிங்காரவேலரின் கணக்கு

பின்னிப் போராட்டத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களில் ஒருவர் சிங்காரவேலர். 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியவர், அதே நாளில் ஹிந்துஸ்தான் லேபர் கிசான் கட்சியைத் தொடங்கியவர். சங்கத்தோடு நிற்காமல் கட்சி என்று அவர் போனதற்குப் பெரம்பூர் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

சோஷலிஸ்டுகள் சங்கத்தின்மேல் வைக்கும் விமரிசனம் அடிப்படையில் எளிமையானது. தொழிலாளி தன் உழைப்புச் சக்தியை விற்கிறான். சங்கம் அந்த விற்பனையில் நல்ல விலை பேசுகிறது. விற்பனையே ஏன் நடக்க வேண்டும் என்று அது கேட்பதில்லை. ஜெர்மனியில் இயங்கிய சோஷலிஸ்ட் ரோசா லக்சம்பர்க் சங்கப் போராட்டத்தை சிசிஃபஸின் வேலைக்கு ஒப்பிட்டார். கிரேக்கக் கதையில் பாறையை மலை உச்சிவரை உருட்டிக்கொண்டு போவான், அது திரும்ப உருண்டு கீழே வரும். ஜெர்மானியச் சங்க அதிகாரிகளுக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை. 40 நிமிடச் சாப்பாட்டை வாங்கிவிடலாம், தறியின் வேகத்தைக் கூட்டி அந்தப் பத்து நிமிடத்தை மேலாளர் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

இந்த விமரிசனத்தை நான் ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. பாறை உருண்டு வருவது உண்மைதான், ஆனால் உருட்டியவனின் தோள் பழைய தோள் இல்லை. பத்து நிமிடம் கேட்கத் தெரியாதவன் ஆலையைக் கேட்கப்போவதில்லை. சங்கம் கூலி பேசியதைக் குறையாகச் சொல்வது சோம்பேறி விமரிசனம். பெரம்பூர்ச் சங்கம் எங்கே தவறியது என்றால், கூலி பேசும்போதே பேச வேண்டியவற்றைப் பேசாமல் விட்டதில்: யார் முடிவெடுப்பது, யாரோடு சேர்ந்து சாப்பிடுவது, கம்பெனியின் போர் யாருடைய போர்.

நல்ல சித்தாந்தம் உள்ள தலைவர் வந்தால் சரியாகிவிடுமா? அதையும் பெரம்பூர் பார்த்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, இலங்கை இடதுசாரி இயக்கத்திலிருந்து வந்த டிராட்ஸ்கியவாதி எஸ். சி. சி. அந்தோணிப் பிள்ளை 1946இல் இதே சங்கத்தின் தலைவரானார். 1947இல் பின்னியில் நூறு நாள் வேலைநிறுத்தம். வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரம், மாகாணத்தில் காங்கிரஸ் ஆட்சி. சுயராஜ்ய சர்க்கார் ஆங்கிலேய முதலாளியின் கதவுக்குத்தான் காவல் நின்றது, தலைவரைப் பிடித்து உள்ளே வைத்தது. அந்தோணிப் பிள்ளையை யாரும் பேரத்தில் விலக்க முடியவில்லை என்பது ஒரு வித்தியாசம். பின்னால் 1957இல் வடசென்னை அவரை நாடாளுமன்றத்துக்கும் அனுப்பியது. ஆலை மட்டும் யாருடையதோ அவர்களுடையதாகவே இருந்தது.

1996இல் ஆலை மூடப்பட்டது. வேலைக்குப் போக மாட்டோம் என்பதுதான் சங்கத்தின் ஒரே ஆயுதம். வேலையே வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்ட பிறகு அதை யாரிடம் நீட்டுவது? துணியைவிட, துணி நெய்த மண்ணுக்கு விலை கூடியிருந்தது. சங்கு நின்றுபோனது. பாக்கிக்கும் பணிக்கொடைக்கும் வயதானவர்கள் அலைந்துகொண்டிருந்த வருடங்களில், தறிகள் ஓடிய கூடங்களில் சினிமாக்காரர்கள் சண்டைக்காட்சி எடுத்தார்கள். கதாநாயகன் இரும்புக் குழாயைத் தூக்கிக்கொண்டு ஐம்பது பேரை அடித்துப் போடுவான், தூசி பறக்கும். பிறகு அதையும் இடித்து அடுக்குமாடி கட்டினார்கள்.